குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களின் சாப்பாடு: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீமோ வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். வார்டில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, ஊருக்குப் போகும் பஸ்ஸில், கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில்கூட என்னை நிறுத்திக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதியிருக்கிறேன். பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளை மனதில் வைத்துத்தான் பதில்கள். உங்கள் டாக்டர் உங்களுக்கென்று தனியாக ஒரு கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

கீமோ போட்டதுலருந்து சாப்பாட்டைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்கிறாரு. நோய் முத்திப் போச்சா சிஸ்டர்?

பெரும்பாலும் நோய் முற்றியதால் அல்ல, மருந்து செய்யும் வேலை அது. வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்வதுதான் கீமோ மருந்தின் குணம். புற்றுநோய் செல் வேகமாகப் பெருகும். ஆனால் நம் குடலின் உள்தோலும் சில நாட்களுக்கு ஒரு முறை முழுக்கப் புதிதாக வளர்வதுதான். வாயின் உள்தோல், நாக்கின் சுவை மொட்டு எல்லாம் அப்படியே. ஃப்ளூரோயூராசில், கேப்சிடபின், ஆக்ஸாலிபிளாட்டின், இரினோடெகன் எதுவாக இருந்தாலும் இந்த நல்ல செல்களும் கூடவே அடி வாங்கும். அதனால்தான் குமட்டல், வாய்ப்புண், பேதி, ருசி கெட்டுப்போவது எல்லாம்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. பலருக்கு முதல் மூன்று நான்கு நாள் குமட்டல் இருக்கும். ஒரு வாரம் ஆகும்போது வாய்ப்புண்ணோ பேதியோ தலைகாட்டும். அதன்பின் பசி மெல்லத் திரும்பும். அடுத்த கீமோவுக்கு முன்னால் ஐந்தாறு நல்ல நாள் கிடைக்கும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால் இரண்டாவது கீமோவிலேயே அவருடைய நல்ல நாள் எது என்று தெரிந்துவிடும். இழந்ததைப் பிடிக்க வேண்டியது அந்த நாட்களில்தான்.

எத்தனை கிலோ குறைஞ்சா பயப்படணும்?

நோய்க்கு முன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. "உடம்பு கொஞ்சம் இளைச்சா நல்லதுதானே, முன்ன குண்டாத்தான இருந்தாரு" என்று விட்டுவிடாதீர்கள். கீமோவில் கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் சேர்ந்து கரைகிறது. தசை குறைந்த உடம்பு அதே மருந்தைத் தாங்க முடியாமல் தடுமாறும். பிறகு மருந்தின் அளவைக் குறைப்பார்கள், அல்லது தேதியைத் தள்ளிப்போடுவார்கள்.

வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலையில் வெறும் வயிற்றில், ஒரே தராசில் பாருங்கள். வீட்டில் இல்லையென்றால் மாவு மில் தராசு போதும், ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே மில்லுக்குப் போங்கள். கால் வீங்கியிருந்தாலோ வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ எடை பொய் சொல்லும். அப்போது மேல்கையையும் தொடையையும் பாருங்கள். கழுத்துக்குக் கீழே எலும்பு எடுப்பாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

வயிறு லேசா இருக்கட்டும்னு கஞ்சி மட்டும்தான் குடுக்குறோம். அது போதும்ல?

போதாது. எல்லாக் கேள்விகளிலும் நான் அதிக நேரம் நின்று பதில் சொல்வது இதற்குத்தான்.

என் மாமியாருக்கே வலதுபக்கப் பெருங்குடலில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து கீமோ தொடங்கினோம். எனக்கு அப்போது தொடர்ந்து இரவு ட்யூட்டி. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அன்போடுதான் சொன்னார்கள்: முட்டை வேண்டாம், பால் வேண்டாம், பருப்பு வாயு, கறி ஆகவே ஆகாது. மூன்று வாரம் கஞ்சியும் பூண்டு ரசமுமாகப் போனது. மூன்றாவது கீமோவுக்குப் போனபோது 52 கிலோ இருந்தவர் 47 கிலோ. ரத்த அணுக்களும் குறைவு. அன்று ஊசி போடாமல் திருப்பி அனுப்பினார்கள். மடியில் டிபன் தூக்கை வைத்துக்கொண்டு பஸ் ஜன்னல் பக்கமே பார்த்தபடி வந்தார் அத்தை. தூக்கைத் திறந்தால் அதற்குள்ளும் கஞ்சிதான்.

கணக்குப் பாருங்கள். ஒரு டம்ளர் நீர்த்த அரிசிக் கஞ்சியில் சுமார் 100 கலோரி, 2 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1500 முதல் 1800 கலோரி. புரதம், ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வீதம், 72 முதல் 90 கிராம். பத்து டம்ளர் கஞ்சி குடித்தாலும் எட்டாது.

கஞ்சிதான் இறங்குகிறது என்றால் அதே கஞ்சியைக் கனமாக்குங்கள். கஞ்சி வெந்து இறக்கும் முன் பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த நிலக்கடலை ஒரு மேசைக்கரண்டி, முக்கால் டம்ளர் பால், ஒரு சிறு கரண்டி நெய். கட்டி விழாமல் இருக்க மாவை முதலில் ஆறிய பாலில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். குடிக்கும் அளவு கொஞ்சம்தான் கூடும். உள்ளே போவது சுமார் 350 கலோரி, 13 கிராம் புரதம். அத்தை இதில்தான் எழுந்து உட்கார்ந்தார். தேதி தள்ளிப்போனாலும் பன்னிரண்டு கீமோவையும் முடித்தார்.

முட்டை, கோழி எல்லாம் சூடு, தையல் போட்ட இடம் சீழ் வைக்கும்னு பெரியவங்க சொல்றாங்களே?

புண் ஆறுவதற்கே புரதம்தான் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, அதுவும் உடம்பு முழுக்க எடுத்துக்கொள்ளக்கூடிய புரதம். நன்றாக வெந்த முட்டை ஒரு நாளைக்கு இரண்டு தாராளமாகக் கொடுக்கலாம். ஆஃப் பாயில், பச்சை முட்டை மட்டும் வேண்டாம்.

கோழி, மீன் நல்லது. ஒகேனக்கல் பக்கத்து ஆற்று மீன் கிடைத்தால் காரம் குறைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். ஆட்டுக்கறி எப்போதாவது சாப்பிடுவதில் தவறில்லை. உப்புப் போட்டுப் பதப்படுத்திய சாசேஜ் வகையறாக்களைத் தவிர்க்கலாம். பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-லேயே அறிவித்துவிட்டது. சைவக்காரர்களுக்குத் தயிர், பன்னீர், பச்சைப்பயறு, துவரை, கொள்ளு, மொச்சை, நிலக்கடலை, சோயா எல்லாம் இருக்கின்றன. பயறு வாயுவாக இருந்தால் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்துக் கடைந்து கொடுங்கள்.

நாங்க களி தின்னு வளந்தவங்க. களி குடுக்கலாமா, கூடாதா?

வயிறு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கேழ்வரகு நல்ல தானியம். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, வேறெந்தத் தானியத்திலும் இவ்வளவு கிடையாது. 2023-லிருந்து தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்பதால் செலவும் இல்லை. ஆனால் நார்ச்சத்து அதிகம். ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு வாரம் வரைக்கும், பேதி இருக்கும் நாட்களிலும், குடலில் அடைப்பு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாலும் களி வேண்டாம்.

அந்த நாட்களில் ராகியை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிப் பாலெடுத்துக் கூழாகக் காய்ச்சுங்கள். சக்கை போய்விடுவதால் வயிற்றுக்கு இதமாக இருக்கும். மற்ற நாட்களில் களி தாராளமாகக் கொடுக்கலாம். வாய்ப்புண் இருக்கும்போதுகூட களி ஒரு வசதிதான். நம் பக்கம் களியை யாரும் மெல்லுவதில்லை, உருட்டி முக்கி விழுங்குவதுதான். ஆனால் எதில் முக்குகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். காரக் குழம்பு எரியும். கீரைக் கடைசல், காரமில்லாத பயறு கடைசல், மையக் கடைந்த பருப்பு சரியாக இருக்கும். களி மட்டும் போட்டால் மேலே சொன்ன புரதக் கணக்கு நிறையாது. கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் கடைசலோ அவசியம்.

சக்கரை சாப்பிட்டா கேன்சருக்குத் தீனி போட்ட மாதிரின்னு வாட்ஸப்புல வந்துச்சு. நிறுத்திட்டோம்.

புற்றுநோய் செல் குளுக்கோஸை அதிகமாக இழுக்கும் என்பது உண்மை. ஆனால் சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியாகிச் சாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சோறு, களி, பழம் எதைச் சாப்பிட்டாலும் உடம்பு அதைக் குளுக்கோஸாக மாற்றும். எதையுமே சாப்பிடாவிட்டால் தன் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். அப்போது பட்டினி கிடப்பது நோயாளி மட்டும்தான். கஞ்சியில் போடும் ஒரு கரண்டி வெல்லத்துக்குப் பயப்பட வேண்டாம். அதற்காகப் பாட்டில் குளிர்பானமே ஆகாரமாகிவிடவும் கூடாது.

எங்க வீட்டுக்காரருக்கு சுகர் இருக்கு. கீமோ போட்ட ரெண்டு நாள் 300-ஐத் தாண்டுது. என்னத்த தின்னாருன்னு திட்டிட்டேன்.

அவர் தின்றதால் அல்ல. வாந்தி வராமல் இருக்க கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள், அது சர்க்கரையை ஏற்றும். ஓரிரு நாளில் இறங்கிவிடும். சாப்பாட்டைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அளவுகளை எழுதி டாக்டரிடம் காட்டினால் மாத்திரையையோ இன்சுலினையோ அந்த நாட்களுக்கு மாற்றித் தருவார். வாந்தியில் எதுவும் உள்ளே போகாத நாளில் வழக்கமான சுகர் மாத்திரையைப் போட்டால் தாழ்சர்க்கரை வரலாம். அன்றைக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பானைத் தண்ணிதான் குடிச்சேன். தொண்டையை யாரோ புடிச்ச மாதிரி மூச்சே நின்னுடும் போல ஆச்சு. அது என்ன?

ஆக்ஸாலிபிளாட்டின் போட்டவர்களுக்கு வரும் குளிர்க்கூச்சம். நரம்புகளை அந்த மருந்து உசுப்பிவிடுவதால் குளிர்ச்சி பட்ட இடமெல்லாம் சுரீரென்று இழுக்கும். பயமாக இருக்குமே தவிர, மூச்சுக்குழாய் உண்மையில் அடைபடுவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லக் குடித்து, சூடான காற்றை உள்ளிழுத்தால் சில நிமிடத்தில் விட்டுவிடும். உடம்பில் தடிப்பு, முகவீக்கம், இரைப்பு இருந்தால் அது ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்து ஏறிய நாளிலிருந்து ஐந்தாறு நாள் எல்லாமே வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் மோர், ஐஸ் பெட்டியில் வைத்த இளநீர், ஜூஸ் வேண்டாம். மார்கழியில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடிகாலையில் குழாய்த் தண்ணீரில் பல் விளக்கினாலே இழுக்கும். வெந்நீர் வைத்துக் கொடுங்கள். பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும் வேலையையும் வேறு யாராவது செய்யட்டும்.

வாந்தி நிக்கல. அதுல பஸ்ஸுல வேற போகணும். தொப்பூர் கணவாய் வந்தாலே ஆரம்பிச்சுடுது.

தொப்பூர் இறக்கத்தில் நோயில்லாதவர்களுக்கே குமட்டும். வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதீர்கள். கிளம்பும் முன் இரண்டு இட்லி, அல்லது ரஸ்க், அல்லது பொட்டுக்கடலை மாவு உருண்டை, எண்ணெயும் வாசனையும் இல்லாத எதுவானாலும் சரி. முன்பக்க சீட், ஜன்னலோரம், கையில் ஒரு எலுமிச்சை. வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவது பலர் செய்யும் தவறு. சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு, எழுதிக் கொடுத்த நேரத்தில், குமட்டல் இல்லாவிட்டாலும் போட வேண்டும்.

குமட்டும் நாளில் தாளிப்பு வாசனை, கருவாடு வாசனை பக்கத்தில் வரவேண்டாம். சூடு ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு, ஆனால் குளிர்க்கூச்சம் இருப்பதால் ஜில்லென்று இருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கால் வயிறு போதும். இன்னொன்று, அவருக்கு ரொம்பப் பிடித்த பதார்த்தத்தை அந்த நாட்களில் செய்யாதீர்கள். வாந்தியோடு அந்த ருசி சேர்ந்துவிட்டால் பிறகு அதைப் பார்த்தாலே ஆகாது. பிரியாணியும் நாட்டுக்கோழிக் குழம்பும் நல்ல நாட்களுக்கு இருக்கட்டும்.

வாயெல்லாம் வெந்து போச்சு. தண்ணியே இறங்கல.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கொப்பளிக்க வேண்டும், குறிப்பாகச் சாப்பிட்டவுடன். விழுங்கக் கூடாது. மெடிக்கலில் விற்கும் எரிச்சலான மவுத்வாஷ் வேண்டாம். மெத்தென்ற பிரஷ். வெற்றிலை பாக்கு, புகையிலை அறவே கூடாது.

புளி, தக்காளி, பச்சை மிளகாய் குறைந்த சமையல். ராகிப்பால் கூழ், பருப்பு சாதம் குழைய, தயிர் சாதம், அவித்த முட்டையை மசித்து நெய் விட்டு, கனிந்த வாழைப்பழம், பப்பாளி. ஃப்ளூரோயூராசில் மட்டும் போடுபவர்களுக்கு மருந்து ஏறும்போது ஐஸ் சப்பச் சொல்வதுண்டு. ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்திருந்தால் அது கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். தண்ணீரே இறங்கவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மரத்துப்போகச் செய்யும் ஜெல் தருவார்கள். முதல் கீமோவிலேயே வாய்ப்புண்ணும் பேதியும் கடுமையாக வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். சிலர் உடம்பில் பிறவியிலேயே இந்த மருந்தைக் கரைக்கும் நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு மருந்தின் அளவையே மாற்ற வேண்டியிருக்கும்.

எது சாப்பிட்டாலும் இரும்பை நக்குன மாதிரி இருக்குங்கிறாரு.

சில்வர் தட்டும் கரண்டியும் வேண்டாம், பீங்கானோ வாழை இலையோ வையுங்கள். வாய்ப்புண் இல்லாவிட்டால் எலுமிச்சை, புதினா, கொத்தமல்லித் துவையல், சிறு துண்டு நெல்லிக்காய் ருசியை எழுப்பும். கறி கசந்தால் முட்டைக்கும் பயறுக்கும் மாறுங்கள். கீமோ முடிந்து ஓரிரு மாதத்தில் ருசி திரும்பிவிடும்.

பேதி ஆகுது. எப்போ ஆஸ்பத்திரிக்கு வரணும்?

வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் போனால், இரவில் எழுந்து போனால், ரத்தம் கலந்தால், காய்ச்சல் சேர்ந்தால், சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனால் அன்றைக்கே வரவேண்டும். கேப்சிடபின் மாத்திரை எடுப்பவர்கள் அந்த அளவு பேதி வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். "கோர்ஸை முடிச்சிடுவோம்" என்று விழுங்கிக்கொண்டே இருப்பது ஆபத்து. இரினோடெகன் போடுபவர்களுக்குப் பேதி இன்னும் வேகமாக வரும் என்பதால் லோப்பெரமைடு மாத்திரையை முன்பே எழுதிக் கொடுத்திருப்பார்கள். எத்தனை, எப்போது என்பதை நோட்டில் எழுதி வையுங்கள்.

இழந்த உப்பும் நீரும் திரும்ப வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கைவசம் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குடலின் உள்தோல் உரிந்திருக்கும்போது பால் செரிக்காது, சில நாள் பாலை நிறுத்திவிட்டுத் தயிர், மோர் கொடுங்கள். குழைந்த சோறு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, இட்லி, முட்டை சரி. கீரை, முழுப்பயறு, களி, காபி நிற்கட்டும்.

எங்க அம்மாவுக்கு நேர்மாறு. நாலு நாளா வெளிக்கிப் போகல.

வாந்தி மாத்திரைக்கு (ஒன்டான்செட்ரான்) மலத்தை இறுக்கும் குணம் உண்டு. வெந்நீர், கனிந்த பப்பாளி, வேகவைத்த காய், கொஞ்சம் நடை. போதாவிட்டால் டாக்டரிடம் இளக்கும் மருந்து கேளுங்கள். ஆனால் வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் சேர்ந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கீமோ மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? சத்து மாத்திரையும் சேத்துப் போடலாமா?

கேப்சிடபின் சாப்பிட்டு முடித்த அரைமணிக்குள், தண்ணீரோடு. காலை, இரவு, சுமார் 12 மணி நேர இடைவெளி. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

சத்து மாத்திரையில் கவனம் வேண்டும். ஃபோலிக் ஆசிட் இந்த மருந்தின் விஷத்தன்மையைக் கூட்டும். கடையில் கேட்டு வாங்கும் பல சத்து மாத்திரைகளில் அது இருக்கும். கீரையில் இருப்பது பிரச்சினை இல்லை, மாத்திரைதான் பிரச்சினை. ரத்தம் உறையாமல் இருப்பதற்கான வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் எடுப்பவர்கள் கீமோ தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ரத்தம் கம்மின்னு சொன்னாங்க. தினம் பீட்ரூட் ஜூஸும் மாதுளையும் குடுக்குறோம், ஏற மாட்டேங்குது.

நிறம் சிவப்பு என்பதால் ரத்தம் ஊறாது. இரண்டிலுமே இரும்புச்சத்து கொஞ்சம்தான். வலதுபக்கக் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் ரத்தம் கசிந்திருக்கும், இரும்புக் கையிருப்பே காலியாக இருக்கும். அதற்கு மாத்திரையோ நரம்பில் ஏற்றும் இரும்போ தேவைப்படும். மாத்திரையென்றால் டீ, காபி, பாலிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, எலுமிச்சைச் சாறோடு. சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் எடுத்திருந்தால் பி12 குறையலாம், பரிசோதிக்கச் சொல்லுங்கள். கீமோவே ரத்த உற்பத்தியைக் குறைப்பதால் சில சமயம் ரத்தம் ஏற்ற வேண்டி வரும். அது வீட்டுச் சாப்பாட்டின் குற்றம் அல்ல.

ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெம்பு வந்துடும்ல?

அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூட இல்லை, இரண்டு இட்லி அளவுதான். புரதம் துளியும் இல்லை. வாந்தி, பேதியில் நீர் வற்றிப்போனவருக்கு ட்ரிப்ஸ் உயிர் காக்கும். சாப்பாட்டுக்கு மாற்றாக அது ஆகாது. ஊருக்குள் யாரிடமோ ஊசி போட்டுக்கொண்டு அதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு வாரத்துக்கு முட்டையும் பாலும் வாங்கலாம். புரதப் பவுடர் டப்பாவும் இப்படித்தான். சாப்பாடு இறங்காதவருக்கு உதவும், ஆனால் கடன் வாங்கி வாங்கும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை. 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது.

மாம்பழ சீசன். பழம், பச்சைக் காய் குடுக்கலாமா? தண்ணி எந்தத் தண்ணி?

கொடுக்கலாம். நன்றாகக் கழுவி, வீட்டிலேயே தோல் சீவி, அறுத்ததும் சாப்பிடட்டும். பசியில்லாதவர்களுக்கு மாம்பழமும் பாலும் அடித்துக் கொடுத்தால் நன்றாக இறங்கும். ரோட்டோரம் அறுத்து வைத்த பழம், முளைகட்டிய பச்சைப்பயறு, கறந்த பச்சைப் பால், நேற்றைய குழம்பு, பந்திச் சாப்பாடு வேண்டாம். கீமோ போட்டு ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் வெள்ளையணு மிகக் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் கிளம்புங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் நம் இரண்டு மாவட்டத்து போர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு கொதித்தால் போகாது. அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. அந்தக் காவிரித் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள்.

முள்ளுசீத்தா இலைக் கஷாயம், கோதுமைப்புல் சாறு... கூடவே குடுத்தா தப்பா?

நல்லெண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், அதனால் நேராகச் சொல்கிறேன். கீமோ நடக்கும்போது வேண்டாம். முள்ளுசீத்தா ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குடுவையில் செல்களைக் கொன்றது உண்மை. மனிதர்களிடம் அப்படி நிரூபணமாகவில்லை. அதிலுள்ள அன்னோனசின் நரம்பு செல்லைக் கெடுக்கும் பொருள், ஆக்ஸாலிபிளாட்டினோ ஏற்கெனவே விரல் நரம்புகளை மரக்கச் செய்கிறது. பச்சையாகப் பிழிந்த சாறில் கிருமி பயமும் உண்டு. செறிவான கஷாயமும் பொடியும் கல்லீரலில் கீமோ மருந்தோடு மோதலாம்.

முருங்கைக்கீரையைச் சமைத்துச் சாப்பிடுவது, ரசத்தில் மிளகு, மஞ்சள், இஞ்சி போடுவது எல்லாம் உணவு. அதையே காய்ச்சிச் சுண்டவைத்து, கேப்சூலாக்கி வேளாவேளைக்கு எடுத்தால் அது மருந்து. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பாட்டிலையே கொண்டு வந்து காட்டுங்கள்.

வயித்துல பை வெச்சிருக்காங்க. அவருக்கும் இதே சாப்பாடுதானா?

எந்தக் குடலின் வாயை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பெருங்குடல் பை என்றால் ஏறக்குறைய எல்லோரையும் போலச் சாப்பிடலாம். சிறுகுடல் பை என்றால் உப்பும் நீரும் நிறைய வெளியேறும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு இன்னும் இறங்கும். மேலே சொன்ன ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட மோர், கஞ்சி என்று மாற்றிக் கொடுங்கள். தேங்காய்ச் சில், மக்காச்சோளம், காளான், முருங்கைக்காய்ச் சக்கை, சாத்துக்குடித் தோல்நார் அடைத்துக்கொள்ளும். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் பையில் வந்தால் போன் செய்யுங்கள்.

கீமோ முடிஞ்சிடுச்சு. இனிமே பழைய மாதிரி சாப்பிடலாமா?

பேதி நின்றிருந்தால் கீரை, காய், பயறு, களி, சாமைச் சோறு என்று நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சாராயம், புகையிலை வேண்டாம். கூடவே நடை. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்தவர்களை மூன்று ஆண்டு முறையாக உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2025-ல் வெளிவந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்திருந்தது. காட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் ஒரேயடியாகக் களை வெட்டக் கிளம்பாமல், முதலில் வரப்பில் அரைமணி நடக்கட்டும்.

இனி கீமோ வேண்டாம், வீட்டுல வெச்சுப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. அப்பா ரெண்டு வாய்க்கு மேல வாங்க மாட்டேங்குறாரு. ஊட்டி விடணுமா?

இதுவரை சொன்ன கிலோ, கிராம், கலோரிக் கணக்கை எல்லாம் இப்போது எடுத்து வைத்துவிடுங்கள். கடைசிக் கட்டத்தில் உடம்பே பசியை அணைத்துவிடும். சாப்பிடாததால் அவர் போகவில்லை, நோய் முற்றியதால் சாப்பாடு கேட்கவில்லை. வாயில் திணித்தால் புரையேறும். அதைவிட, நீங்கள் தட்டோடு உள்ளே வரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்ளத் தொடங்கிவிடுவார்.

கேட்டதைக் கொடுங்கள். பத்தியம் ஒன்றும் கிடையாது. ஒரு மனுசர் கடைசி வாரத்தில் தக்காளிக் குழம்பைக் களியில் தொட்டு நாக்கில் வைத்தால் போதும் என்றார். விரல்நுனி அளவு வைத்தார்கள், சப்பிவிட்டுச் சிரித்தார். உதடு காய்ந்தால் ஈரத்துணியால் ஒற்றி, கொஞ்சம் வெண்ணெய் தடவுங்கள். வலி, வாந்தி, படுக்கைப்புண்ணுக்கு உதவி வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலி நிவாரணச் செவிலியரைக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.